பஞ்ச் கார்டைக் கிழி

"இன்னும் எத்தனை காலத்துக்கு அடுத்தவன் கனவுக்கு நீ ஓவர்டைம் பாக்கப் போற?" என்று வேனின் ஒலிபெருக்கியிலிருந்து ஒரு கனத்த குரல் கேட்டது.

தொழிற்சாலை வேனில் யாரும் அசையவில்லை. சுங்கை சிப்புட்டில் ஏறியதும் கண்ணை மூடி, கமுந்திங் வரும்வரை குறட்டை விடும் ஸ்டோர் ராமையாகூட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரம் இருந்த தீபன் மட்டும் வெளியே பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காரணம் எளிது. அந்தக் குரல் அவனுடையது.

இந்த விஷயம் அவன் மனைவி விமலாவைத் தவிர யாருக்கும் தெரியாது. வாரம் ஒருமுறை தீபன் வீட்டு வாசலில் நிற்கும் மைவி காருக்குள் ஏறி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வேர்க்க விறுவிறுக்கப் பேசிக் கைப்பேசியில் பதிவு செய்வான். பிறகு அதை ஒரு மென்பொருளில் போட்டுக் குரலை நன்றாகக் கீழே இறக்குவான். "கெணத்துக்குள்ளேர்ந்து எமன் பேசற மாதிரி இருக்கு" என்பது விமலாவின் கருத்து. பாட்காஸ்டின் பெயர் 'பஞ்ச் கார்டைக் கிழி'. பேசுபவரின் பெயர் சுதந்திரன். தீபன் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் வருகை குறிக்கும் பஞ்ச் கார்டு ஒழிந்து கைரேகை இயந்திரம் வந்து வெகுகாலம் ஆகிறது. அதற்காகக் கட்டைவிரலைக் கிழி என்று நிகழ்ச்சிக்குப் பெயர் வைக்க முடியுமா?

சுதந்திரனுக்கு எல்லாவற்றைப் பற்றியும் கருத்து உண்டு. கையில் போன் வைத்திருப்பவன் ஒவ்வொருவனும் ஒரு தொலைக்காட்சி நிலையம் என்பார். மாதச் சம்பளம் மெதுவாக வேலை செய்யும் மயக்க மருந்து என்பார். உனக்குள் இருக்கும் கலைஞனுக்கு எத்தனை நாள் யூனிபார்ம் போட்டு வைப்பாய் என்று அதட்டுவார். கடைசியில், வேலையை விடு என்று முடிப்பார்.

வேலையை விடும் உத்தேசம் தீபனுக்குக் கனவிலும் கிடையாது. சுவிட்ச் செய்யும் அந்தச் சின்னத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் அவன் உதவியாளர். தீபாவளிக்குள் அவனை எக்சகியூட்டிவ் ஆக்குவதாக மேலாளர் கனகராஜ் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பதவி வந்தால் விமலாவின் பிரசவத்தைத் தனியார் மருத்துவமனையில் கம்பெனிச் செலவில் பார்க்கலாம். அவள் இணையத்தில் அறையைக்கூடப் பார்த்து வைத்துவிட்டாள். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியுமாம்.

முதல் ஒரு வருஷம் நிகழ்ச்சியைக் கேட்டவர்கள் தீபனும் அவன் மைத்துனனும்தான். மைத்துனன் பாதியில் நிறுத்திவிடுவான். பிப்ரவரியில், சீனப் புத்தாண்டு முடிந்த கையோடு ஒருநாள் வேன் ஓட்டும் ராஜு அண்ணன், வழக்கமான பழைய பாட்டை நிறுத்திவிட்டு இதைப் போட்டார். தீபனுக்குப் புல்லரித்துப் போயிற்று. எந்த ஊரில் எவ்வளவு பேர் கேட்கிறார்கள் என்று காட்டும் வரைபடத்தைத் திறந்து பார்த்தான். கோலாலம்பூர் இருண்டு கிடந்தது. தொழிற்சாலை இருக்கும் கமுந்திங் மட்டும் பளிச்சென்று எரிந்தது. திறமையை ரொம்ப நாள் மூடி வைக்க முடியாது என்று அவன் விமலாவிடம் சொன்னான்.

அந்தப் பெருமை ஆட்கள் ஒவ்வொருவராக வேலையை விட ஆரம்பிக்கும்வரைதான் இருந்தது.

இன்று நிகழ்ச்சி முடிந்ததும் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு ஷர்வின் எழுந்து நின்றான். வேனில் நிற்க இடமில்லாததால் தலை கூரையில் இடித்தது. "நான் இன்னிக்கு எழுதிக் குடுக்கப் போறேன்லா," என்றான் தலையைத் தேய்த்துக்கொண்டே.

"உக்காரு ஷர்வின்," என்றான் தீபன். "எழுதிக் குடுத்துட்டு என்ன பண்ணப் போற?"

"கேம் ஸ்ட்ரீமிங்ண்ணே. நான் வெளையாடுவேன். மத்தவங்க பாப்பாங்க."

"நீ வெளையாடறத அவங்க ஏன் பாக்கணும்?" என்று கேட்டார் ராமையா. "அவங்களே வெளையாடலாமே?"

"நீங்க டிவில பந்து மேட்ச் பாக்கறீங்களே அங்கிள். நீங்க ஏன் போயி ஆடல?"

ராமையா தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பையன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றார்.

"இதெல்லாம் நம்பாதீங்க," என்றான் தீபன். "அந்தப் பேசற ஆளு யாரு, என்ன வேலை பாக்கறான், யாருக்காவது தெரியுமா? அவனே எங்கயாவது மாசச் சம்பளத்துக்கு உக்காந்துக்கிட்டு இருப்பான்."

வேன் முழுக்க முகம் சுளித்தது. பேக்கிங் பிரிவு வீரம்மா அக்கா பின் சீட்டிலிருந்து குரல் கொடுத்தார். "நீ சும்மா இரு கிராணி. ஒனக்கு ஏர்கோன் ரூம்ல நாற்காலி இருக்கு. எங்களுக்காகப் பேசறதுக்கு இந்த ஒரு புள்ளதான் இருக்கு."

வீரம்மா எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். பேனா பிடித்து உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் அவருக்குக் கிராணிதான். தன்னை வைத்துத் தன்னையே மட்டம் தட்டுகிறார்களே என்று தீபனுக்கு வருத்தமாக இருந்தது. இன்னொரு பக்கம், கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது.

அன்று காலை பசியாறிவிட்டு வருவதற்குள் கனகராஜ் கூப்பிட்டு அனுப்பினார்.

கனகராஜ் மென்மையான மனிதர். யாரையும் சத்தம் போட்டதில்லை. கெட்ட செய்தியைச் சொல்லும்போதுகூட முதலில் கோப்பி குடிக்கிறீர்களா என்றுதான் கேட்பார். ஷர்வினின் ராஜினாமாக் கடிதம் அவர் மேசையில் இருந்தது.

"மனசு கஷ்டமா இருக்கு தீபன்," என்றார். "நல்ல பையன். ஏதோ பாட்காஸ்ட் கேட்டு இப்படி முடிவு எடுத்துட்டான்னு சொல்றாங்க. நீங்க கேட்டிருக்கீங்களா?"

"இல்ல சார்," என்றான் தீபன். பிறகு அவசரமாக, "வேன்ல ஓடும். நான் தூங்கிருவேன்," என்று சேர்த்துக்கொண்டான்.

"அந்த ஆள நாம ஒண்ணும் செய்ய முடியாது. பேச்சுச் சுதந்திரம் இருக்கு. நம்ம ஆளுங்ககிட்ட நீங்க பேசிப் பாருங்க. ஒங்களுக்குத்தான் நல்லா பேச வரும். ஆனா யாரையும் புடிச்சு வைக்கக் கூடாது. அவங்க கனவுக்கு நாம தடையா இருக்கக் கூடாது."

"சரி சார்."

"போறவங்ககிட்ட, சொந்த விருப்பத்தின் பேரில் போறேன்னு ஒரு வரி மட்டும் மறக்காம எழுதி வாங்கிக்குங்க. நாளைக்கு யாரும், அவங்கள கம்பெனி வெரட்டிருச்சுன்னு பேசக் கூடாது பாருங்க. அவங்க கௌரவம் முக்கியம்."

நோட்டீஸ் காலம்கூட வேண்டாம், பையன் இன்றைக்கே போகட்டும் என்று கனகராஜ் விட்டுக்கொடுத்தார். இப்படியும் ஒரு மேலாளரா என்று தீபன் வியந்தான். இந்த மனிதருக்குத் துரோகம் செய்கிறோமே என்று இருந்தது. எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்று உறுதி எடுத்துக்கொண்டு ஷர்வின் பேச்சுக்குத் தலையாட்டிய ராமையாவைத் தடுக்க நேராக ஸ்டோருக்குப் போனான்.

ராமையா பெட்டிகளுக்கு நடுவே ஒரு சின்னக் கண்ணாடியைப் பார்த்துப் புருவத்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"கோவம் காட்டிப் பாக்கறேன். டிவில நம்ம ஊரு நாடகம் ஓடுதுல்ல, அதுல இன்ஸ்பெக்டரா வர்றவன பாத்தியா? கொலை நடந்த வீட்டுல நிக்கறான், முகத்துல கல்யாண வீட்டுக்கு வந்த களை. எனக்கு அந்த யூனிபார்ம குடுத்திருந்தா நான் நின்ன நெலயிலயே நாலு பேரு குத்தத்த ஒத்துக்குவான்."

"அண்ணே, நீங்க வேலை ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. லீவு போட்டுட்டுப் போய் நடிச்சுப் பாருங்க. சரியா வந்தா அப்புறம் யோசிக்கலாம்."

ராமையா அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "லீவு போட்டுக் கனவு காணறவன், வாடகைக்குக் கல்யாணம் பண்ணிக்கிறவன். யாரு சொன்னது தெரியுமா? சுதந்திரன்."

அது தீபனுக்கு மிகவும் பிடித்த வரி. மைவிக்குள் உட்கார்ந்து அதை எழுத ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. இவ்வளவு அழகாக நினைவு வைத்திருக்கிறாரே என்று அவனுக்குக் கண் கலங்கியது.

"நல்லா சொல்லியிருக்கான்ல?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டான்.

"பாத்தியா, நீயே ஒத்துக்கற," என்றார் ராமையா. "குடு ஒரு பேப்பர, நானும் எழுதிக் குடுத்துர்றேன்."

வீட்டுக்குப் போனதும் விமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"இதுல என்ன சூசா, என்ன கஷ்டம்?" என்றாள் விமலா. "நீங்கதான வேலைய விடச் சொன்னீங்க? நீங்களே இந்த வாரம், விடாதீங்கன்னு சொல்லிருங்க. முடிஞ்சிச்சு."

அப்படியே செய்தான். 'பொறுமையும் ஒரு கலை' என்று தலைப்பு வைத்தான். நிலையான வருமானத்தின் அருமை, மாத முடிவில் வரும் நிம்மதி, இணையத்தில் பிழைப்பவனுக்கு எது ஞாயிற்றுக்கிழமை என்றே தெரியாத அவலம் எல்லாவற்றையும் உருக்கமாகப் பேசினான். நடுவில் விமலா காரின் கண்ணாடியைத் தட்டி, குப்பை லோரி வருகிறது, பையை வெளியே வையுங்கள் என்று சைகை காட்டினாள். அவனுக்குப் பேச்சு ஒரு கணம் தடுமாறியது. திரும்பப் பதிவு செய்ய நேரமில்லாததால் அப்படியே ஏற்றிவிட்டான்.

மறுநாள் வேனில் அது முடிந்ததும் ராஜு அண்ணன் சத்தத்தைக் குறைத்தார். தீபன் நம்பிக்கையோடு திரும்பிப் பார்த்தான்.

"கேட்டீங்களா?" என்றார் வீரம்மா அக்கா மெதுவாக. "நடுவுல அந்தப் புள்ளைக்குக் குரல் நடுங்குச்சு."

"டக்குனு ஏதோ தட்டற சத்தம் கேட்டுச்சு," என்றார் ஒருவர்.

"பக்கத்துல யாரோ நின்னு மெரட்டறாங்க."

"இல்லக்கா," என்றான் தீபன். "அது சும்மா ஏதாச்சும் வீட்டுச் சத்தமா இருக்கும். குப்பை லோரி கிப்பை லோரி வந்திருக்கும்."

"ஒனக்கு எப்படித் தெரியும் கிராணி? பெரிய பெரிய கம்பெனிக்காரனெல்லாம் சேந்து வாய அடைச்சுட்டானுங்க. அவனுங்களே பயப்படறானுங்கன்னா, இத்தன நாளும் அந்தப் புள்ள சொன்னது அம்புட்டும் உண்மைலா."

வீரம்மா அக்கா அன்று பத்து மணிக்கே தீபனின் மேசை முன் வந்து நின்றார். சமையல் சேனல் தொடங்கப் போவதாகச் சொன்னார்.

"அக்கா, ஆயிரம் பேரு சமையல் சேனல் வச்சிருக்காங்க. யாரு பாப்பா?"

"நான் சம்பல் கிண்டறத உக்காந்து பாக்க ஆள் இருக்குன்னு எம்மக சொல்றா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கிண்டறேன் தம்பி. எங்க வீட்டுல ஒருத்தரும் திரும்பிப் பாத்ததில்ல. வெளியூர்க்காரனாச்சும் பாக்கட்டுமே."

அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இருப்பதாகத் தீபனுக்கே படவில்லை. சொந்த விருப்பத்தின் பேரில் என்ற வரியை எங்கே எழுத வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டினான்.

போனவர்கள் இடத்துக்குப் புது ஆள் எடுக்க விளம்பரம் கொடுக்கலாமா என்று கனகராஜிடம் கேட்டான். அவர் தலையை ஆட்டி மறுத்தார். "அவசரமில்ல தீபன். போனவங்க மனசு மாறித் திரும்பி வந்தா இடம் இருக்கணும்ல?"

இப்படிப்பட்ட மனிதரைக் காப்பாற்றியாக வேண்டும் என்று தீபனுக்குத் தோன்றியது. அடுத்த வாரம் வேறு வழியில் போக முடிவு செய்தான். ஆட்களைத் திசை திருப்ப முடியாவிட்டால், தூங்க வைத்துவிட வேண்டியதுதான். சுதந்திரன் அந்த வாரம் கனவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சேமநிதி, காப்புறுதி, வேலையை விடுமுன் எத்தனை மாதச் செலவைக் கையில் வைத்திருக்க வேண்டும், வருமான வரியை எப்படிக் கணக்கிடுவது என்று வறட்டுக் குரலில் அடுக்கினார். பதிவை ஒருமுறை போட்டுக் கேட்ட தீபனுக்கே கொட்டாவி வந்தது. இதைக் கேட்டு எவனும் வேலையை விடமாட்டான் என்று நிம்மதியாகப் படுத்தான்.

வேனில் அன்று எல்லோரும் போனை எடுத்துக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார்கள்.

இதுவரை போனவர்கள் துணிச்சல்காரர்கள். பயந்தவர்கள், கணக்குப் போட்டு வாழ்கிறவர்கள், குடையில்லாமல் கழிவறைக்குக்கூடப் போகாதவர்கள் எல்லாம் இத்தனை நாள் தயங்கி நின்றார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது யாராவது கணக்குச் சொல்லிக் கொடுப்பதுதான். சுதந்திரன் அதையும் சொல்லிக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் அக்கவுண்ட்ஸ் பிரிவே காலியாயிற்று. தலைமைக் கணக்காளர் கர்னாடக சங்கீதத்துக்குச் செயற்கை நுண்ணறிவில் பக்கவாத்தியம் செய்யப் போவதாகச் சொன்னார்.

"மிருதங்கக்காரங்க பாவமில்லையா சார்?" என்று கேட்டான் தீபன்.

"எங்க கோயில்ல மிருதங்கக்காரர் கச்சேரிக்கு நேரத்துக்கு வந்ததே இல்ல. இது வரும்," என்றார் அவர்.

கனகராஜ் செய்தியைக் கேட்டு எழுந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள்கள் லேசாகக் குலுங்கின. அந்த முதுகைப் பார்க்கப் பார்க்கத் தீபனுக்குத் தாங்கவில்லை.

அடுத்த வாரம் சுதந்திரன் விடைபெற்றார். நிகழ்ச்சி இத்தோடு முடிகிறது, இனி தான் பேசப் போவதில்லை, கேட்டவர்களுக்கு நன்றி, எல்லோரும் அவரவர் இடத்தில் நிம்மதியாக இருங்கள் என்று சுருக்கமாகச் சொல்லி முடித்தார். சொல்லும்போது தீபனுக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. வாழ்க்கையில் அவன் சொன்னதை நாலு பேர் உட்கார்ந்து கேட்ட ஒரே இடம் அது. வீட்டில் விமலா கேட்பதில்லை. ஆபீசில் யாரும் கேட்டதில்லை. மைவியின் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான்.

வேனில் மிச்சமிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"எவ்வளவு பேரு, எவ்வளவு புகழ்," என்றார் ஒருவர். "அம்புட்டையும் ஒரே நாள்ல தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டாரு."

"அவருக்கே அந்தத் துணிச்சல் இருக்குன்னா," என்றார் இன்னொருவர், "இந்த சுவிட்ச் பேக்டரிய விட நமக்கு என்ன தயக்கம்?"

அடுத்த திங்கட்கிழமை வேனில் ராஜு அண்ணனையும் தீபனையும் தவிர யாரும் இல்லை. தொழிற்சாலையின் மற்ற இரண்டு வேன்களிலும் அதே கதைதான் என்று கேள்விப்பட்டான்.

அன்று மத்தியானம் ராமையாவிடமிருந்து போன் வந்தது. ஈப்போவில் ஒரு நாடகப் படப்பிடிப்புக்குப் போய் வந்தாராம்.

"இன்ஸ்பெக்டர் வேஷமாண்ணே?"

"பொணம்," என்றார் ராமையா. "பரவால்ல, மொத வேஷம். ஆனா எனக்குத்தான் ஆஸ்துமா இருக்குல்ல. சவப்பெட்டிக்குள்ள படுத்தா வயிறு ஏறி எறங்குது. டைரக்டர் கத்தறான். கடைசியில மெழுகுப் பொம்மை ஒண்ண படுக்க வச்சு எடுத்துட்டானுங்க."

"அடுத்த தடவ நல்ல வேஷம் வரும்ண்ணே."

"வரும். வரும்." ராமையா இருமினார். "காலைல முழிப்பு மட்டும் அஞ்சு மணிக்கே வந்துருது தம்பி. எழுந்து யூனிபார்ம தேடறேன். அப்புறம்தான் ஞாபகம் வருது."

போனை வைத்ததும் தீபனால் உட்கார முடியவில்லை. இத்தனை நாளும் இது ஒரு குழப்பம், ஒரு தலைவலி என்றுதான் நினைத்திருந்தான். அந்தக் கிழவர் அஞ்சு மணிக்கு எழுந்து சட்டையைத் தேடுவதை நினைத்ததும் அவமானமாக இருந்தது. விமலாவைப் போனில் கூப்பிட்டான்.

"நான் சார்கிட்ட உண்மைய சொல்லப் போறேன்."

"ஒங்களுக்குக் கிறுக்கா? தீபாவளிக்கு இன்னும் எத்தன நாள் இருக்கு? எக்சகியூட்டிவ் லெட்டர் வர்ற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருங்க. சுதந்திரன்தான் செத்துட்டான்ல?"

"எல்லாரும் போயிட்டாங்க விமலா. வெறும் நாற்காலிங்களுக்கு நடுவுல எக்சகியூட்டிவா உக்காந்து நான் யார மேய்க்கறது?"

"என் பிரசவம்?"

"பாத்துக்கலாம்," என்றான். எப்படி என்று அவனுக்கே தெரியாது.

கனகராஜ் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். தீபன் உட்காராமலே சொன்னான்.

"சார், சுதந்திரன் நான்தான்."

கனகராஜ் கோப்பையைக் கீழே வைத்தார். அவனை மேலும் கீழும் பார்த்தார். அவர் இப்படி வாயைப் பிளந்து தீபன் பார்த்ததில்லை.

"நீங்களா? நெசமாவா? அந்தக் குரல்?"

"மென்பொருள் சார். கீழ எறக்கினது."

கனகராஜ் எழுந்து வந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "தீபன், நான் ஒங்களுக்கு எவ்வளவு கட..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒங்கமேல எவ்வளவு கடுமையா கோவப்படணும். ஆனா என்னால முடியல."

"நான் செஞ்சது தப்பு சார். என்ன வேணும்னாலும் செய்யுங்க."

"என்ன செய்யறது? மேலிடத்துக்குத் தெரிஞ்சா விசாரணை, அது இதுன்னு ஒங்க பேரு கெட்டுரும். எனக்கு அதுல விருப்பமில்ல." கனகராஜ் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவன் பக்கம் தள்ளினார். பேனாவின் மூடியையும் அவரே கழற்றிக் கொடுத்தார். "நீங்களே கௌரவமா வெளிய போறீங்கன்னா, நான் யாருக்கும் எதுவும் சொல்ல மாட்டேன்."

துரோகம் செய்தவனுக்கு இப்படி ஒரு மரியாதையா என்று தீபனுக்குக் கண்ணீர் முட்டியது. எழுதிக் கையெழுத்துப் போட்டான். கனகராஜ் அதை வாங்கிக் கவனமாகப் படித்தார்.

"அந்த ஒரு வரிய விட்டுட்டீங்க," என்றார் அன்பாக.

தீபன் திரும்ப வாங்கி, சொந்த விருப்பத்தின் பேரில் என்று சேர்த்தான்.

சாயங்காலம் வேனில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். ராஜு அண்ணன் ரேடியோவைப் போடவில்லை. தொழிற்பேட்டையைத் தாண்டியதும் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"நீயும் எழுதிக் குடுத்துட்டியாமே," என்றார் ராஜு அண்ணன்.

"ஆமாண்ணே."

"எனக்கும் இன்னிக்குத்தான் கடைசி. நீ வர்றதுக்குக் கொஞ்சம் முந்திதான் சார் கூப்ட்டுச் சொன்னாரு. பேக்டரிய வியட்நாமுக்கு மாத்தறாங்களாம். அடுத்த மாசம் மிஷினெல்லாம் கப்பல் ஏறுதாம்."

தீபன் அவர் பக்கம் திரும்பினான். "மாத்தறாங்களா? எப்ப முடிவு பண்ணாங்க?"

"தைப்பூசத்துக்கு முன்னாடியே முடிவாயிருச்சாம். இப்பத்தான் வெளிய சொல்றாங்க."

தீபன் மனிதவளப் பிரிவில் காலம் தள்ளியவன். தொழிற்சாலையை மூடினால் வேலையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அவரவர் உழைத்த வருஷத்தைக் கணக்குப் பார்த்து நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும். தானாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவருக்கு ஒன்றும் கிடையாது. இது அவனுக்கு மனப்பாடம். ராமையா ஸ்டோரில் உழைத்த காலத்தை நினைத்துப் பார்த்தான். வீரம்மா அக்காவை நினைத்தான். மலை தெரியும் அறையை நினைத்தான். கொஞ்ச நாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் எல்லோருமே கையில் ஏதோ வாங்கிக்கொண்டு போயிருக்கலாம் என்று நெஞ்சு எரிந்தது.

எரிச்சலை யார் மேலாவது காட்ட வேண்டியிருந்தது. பக்கத்தில் ராஜு அண்ணன்தான் இருந்தார்.

"எல்லாம் அந்தப் பாட்காஸ்டால வந்த வினை," என்றான். "நீங்க வேன்ல போடாம இருந்திருந்தா இங்க ஒருத்தருக்கும் அது தெரிஞ்சே இருக்காது. நீங்க ஏண்ணே அதப் போட்டீங்க?"

ராஜு அண்ணனுக்கும் கோபம் வந்துவிட்டது.

"நானா போட்டேன்? எனக்குப் பழைய பாட்டு போதும்லா. கனகராஜ் சார்தான் மூணு வேன்காரங்களுக்கும் வாரா வாரம் அத போன்ல அனுப்பி, 'நல்லா சத்தமா போடுங்க, நம்ம ஆளுங்க முன்னேறட்டும்'னு சொல்லுவாரு."